விரல்களே விழிகளாக

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

முன்னுரை

எங்கள் தென்னேரியில் பொழுது விடிந்ததைச் சேவலுக்கு அடுத்தபடியாகச் சொல்வது தறிச்சத்தம்தான். எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. சென்ற ஆண்டு அவளுக்கு வயது ஏழு. எந்த வீட்டுத் தறி ஓடுகிறது, எந்த வீட்டுத் தறி நின்றுவிட்டது என்று திண்ணையில் அமர்ந்தபடியே சொல்லிவிடுவாள். ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றின் குளிர்ச்சியைக் கொண்டே மழை வருமா என்பதையும் சொல்வாள். ஆனால் அந்தத் திண்ணையை விட்டு இறங்க அவளுக்கு அனுமதி இல்லை. "விழுந்துடுவா" என்பார் அவளுடைய ஆயா. சோறு ஊட்டுவதும், தலை வாருவதும், சட்டை மாட்டுவதும் ஆயாவே.

நானும் மாலை நேரங்களில் அவளிடம் சென்று, முறுக்கை ஒடித்து அவள் வாயில் ஊட்டிவிட்டு, பெரிய தருமம் செய்துவிட்டதாக எண்ணி வீடு திரும்புவேன். ஒரு நாள் அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். "அக்கா, எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லு. நானே எடுத்துக்கறேன்" என்றாள்.

அன்று இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நான் இத்தனை நாளும் செய்தது உதவியா, அல்லது அவள் தானே செய்யக்கூடியதை அவளிடமிருந்து பறித்ததா? அந்தக் கேள்விக்கு விடை தேடி, எங்கள் சகோதரியரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றையே இக்கட்டுரையில் எழுதியுள்ளேன்.

பதினைந்து வயதில் ஒரு கண்டுபிடிப்பு

பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் பிறந்தவர் லூயி பிரெய்ல். அவர் தந்தை குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடும்போது தோலில் துளையிடும் குத்தூசி லூயியின் கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் பார்வை முழுவதும் போயிற்று.

அக்காலத்தில் பார்வையற்றோர்க்கு உரிய தொழிலாக உலகம் கருதியது பிச்சை எடுப்பதைத்தான். ஆயினும் வாலண்டைன் ஹாய் என்னும் பெருந்தகை 1784-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் பார்வையற்ற சிறுவர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். தம் பத்தாம் வயதில், 1819-இல், லூயி அப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே சாதாரண எழுத்துகளையே பெரிதாக, மேடாக அச்சிட்டு, தடவிப் படிக்கச் செய்தார்கள். படிப்பது மிகவும் மெதுவாக நடந்தது. எழுதவோ வழியே இல்லை.

சார்ல் பார்பியே என்னும் படைத்தலைவர் இருட்டிலும் படிக்கக்கூடிய பன்னிரண்டு புள்ளி எழுத்து ஒன்றை உருவாக்கி அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதை ஆறாகக் குறைத்தார். 1824-இல் அம்முறை உருவாகி முடிந்தபோது அவருக்கு வயது பதினைந்து. இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கும் இப்போது அதே வயதுதான்!

தம் கண்ணைப் பறித்த குத்தூசியைப் போன்ற ஒரு கருவியைக் கொண்டே காகிதத்தில் புள்ளி குத்தி, உலகத்துப் பார்வையற்றோர்க்கெல்லாம் அவர் எழுத்தறிவைத் தந்தார். 1829-இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். அப்பள்ளியிலேயே ஆசிரியராகப் பணியாற்றினார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். 1852-இல் அவர் இறைவனடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-இல்தான் பிரான்சு நாடு அவ்வெழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

ஆறு புள்ளிகளின் கணக்கு

பிரெய்ல் எழுத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இடப்பக்கம் மூன்றும் வலப்பக்கம் மூன்றுமாக ஆறு இடங்கள் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஒவ்வோர் இடத்திலும் புள்ளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64. ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தைக் கழித்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். இவற்றைக் கொண்டே எழுத்து, எண், இசைக் குறிப்பு எல்லாம் எழுதிவிடலாம்.

நம் நாட்டில் முற்காலத்தில் மொழிக்கு ஒரு விதமாகப் பல பிரெய்ல் முறைகள் வழங்கின. 1951-ஆம் ஆண்டில் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான 'பாரதி பிரெய்ல்' ஏற்கப்பட்டது. இதில் ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் ஒரே புள்ளிகள். தமிழ்ச் சிறுமி எழுதும் 'க'வும் இந்திச் சிறுமி எழுதும் 'க'வும் 1, 3 ஆகிய அதே இரண்டு புள்ளிகளே. 'அ'வுக்கு முதல் புள்ளி மட்டும் போதும். 'ஆ'வுக்கு 3, 4, 5. நாம் 'கொ' என்று எழுதும்போது ஒரு பக்கம் கொம்பும் மறுபக்கம் காலும் போடுகிறோம். பிரெய்லில் 'க'வை எழுதி அதன் பின் 'ஒ'வை எழுதினால் முடிந்தது.

எழுதும்போது ஒரு புதுமை உண்டு. கட்டங்கள் கொண்ட பலகையில் தடித்த தாளைப் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திச் செல்ல வேண்டும். தாளைத் திருப்பினால் மேடான புள்ளிகள் இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும். ஆகவே எழுதுவது ஒரு திசை, படிப்பது எதிர்த்திசை. இதைப் பழகிய குழந்தையின் நினைவாற்றலை என்னென்பது! நான் ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு என் பெயரை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் தவறாகவே வந்தது.

நம் நாட்டில் தொடங்கிய கதை

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதல் பள்ளியை 1887-இல் அமிர்தசரஸ் நகரில் ஆனி ஷார்ப் என்னும் அம்மையார் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1890-இல், நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் இப்பணியைத் தொடங்கினார். கிறிஸ்தவ சேவையில் வந்த இம்மகளிர் இருவரையும் நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

இன்று காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் வழியிலேயே, பூவிருந்தவல்லியில், பார்வையற்றோர்க்கான அரசு மேல்நிலைப்பள்ளி உள்ளது. சென்னையில் கன்னியர் நடத்தும் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளியும், அடையாற்றில் அருட்சகோதரர்கள் நடத்தும் புனித லூயி நிலையமும் உள்ளன. தாமே பார்வை இழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா, மதுரையில் 1985-இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவினார். இவையன்றி, வீட்டருகே உள்ள பள்ளியிலேயே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவும், சிறப்பாசிரியர் வந்து பிரெய்ல் கற்பிக்கவும் இப்போது வழி உண்டு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இத்தகைய பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்கப்பட்டு, அதில் 1 விழுக்காடு பார்வையற்றோர்க்கும் குறைந்த பார்வை உடையோர்க்கும் உரியது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஒருவரும் கூடுதல் நேரமும் அளிக்கப்படுகின்றன. இவ்வுரிமைகள் நம் தெருக்களில் உள்ள பெற்றோர் பலருக்குத் தெரியாமலே இருக்கின்றன என்பதுதான் வருத்தம்.

முதல் பாடம் எது?

பார்வையற்ற குழந்தைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது எழுத்தா? இல்லை என்கிறது ஹெலன் கெல்லரின் வரலாறு. பத்தொன்பதாம் மாதத்தில் நோயால் பார்வையையும் கேள்வியையும் இழந்த அச்சிறுமிக்குக் கற்பிக்க, ஆன் சல்லிவன் 1887 மார்ச்சு மாதம் வந்து சேர்ந்தார். வீட்டாரின் இரக்கத்தால் ஹெலன் எல்லாருடைய தட்டிலும் கைவிட்டு எடுத்து உண்ணும் பழக்கம் கொண்டிருந்தாள். தன் தட்டில், கரண்டியால், தானே உண்பதே ஆசிரியை அவளுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று. அதற்காகப் பெற்றோரிடம் அனுமதி பெற்று, தோட்டத்துச் சிறு வீட்டில் அவளைச் சில நாட்கள் தனியே வைத்திருக்கவும் நேர்ந்தது. அதன் பின்னர், ஏப்ரல் 5-ஆம் நாள், குழாய் நீரை ஒரு கையில் பாய்ச்சி மறு கையில் 'தண்ணீர்' என்று எழுதிக் காட்டியபோதுதான் அவள் மனம் திறந்தது. 1904-இல் பட்டம் பெற்ற அவர் 1955-இல் நம் நாட்டுக்கும் வந்து சென்றார்.

பெற்றோரின் அன்பு தவறன்று. ஆனால் எல்லாவற்றையும் தாமே செய்துவிடும் அன்பு, குழந்தையின் கைகளைக் கட்டிவிடுகிறது.

அன்றாட வாழ்க்கைப் பயிற்சி

சிறப்புப் பள்ளிகளில் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சிகள் சில:

உண்ணுதல்: தட்டைக் கடிகாரமாக எண்ணச் சொல்வார்கள். ஆறு மணி இடத்தில் சோறு, பன்னிரண்டில் பொரியல், மூன்றில் கூட்டு என்று ஒரு முறை சொன்னால் போதும். நம் வாழையிலையில் உப்பு இன்ன இடம், ஊறுகாய் இன்ன இடம் என்று முன்னோர் வகுத்த முறையும் இதுவேயன்றோ!

நீர் ஊற்றுதல்: குவளையின் விளிம்புக்குள் ஒரு விரலை வைத்து ஊற்றினால், நிறைந்ததும் விரல் சொல்லும். நிறைய நிறைய மாறும் ஓசையையும் காது சொல்லும்.

உடை: ஒரே துணியில் தைத்த சட்டைகளில் நிறம் தெரிய, உட்புறம் ஒரு முடிச்சு நீலத்துக்கு, இரண்டு முடிச்சு சிவப்புக்கு என்று அடையாளம் தைத்துவிடலாம்.

பணம்: இப்போதைய தாள்கள் 10 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை மதிப்பு ஏற ஏற நீளமும் கூடுகின்றன. 100, 200, 500 ரூபாய்த் தாள்களின் ஓரங்களில் மேடான கோடுகள் உண்டு. 2019-இல் வெளியான 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு விளிம்பு கொண்டது. தாள்களை வெவ்வேறு விதமாக மடித்து வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

நடத்தல்: வெள்ளைக் கோல் மார்பளவு உயரம் இருக்க வேண்டும். இடக்கால் முன்னே செல்லும்போது கோல் வலப்பக்கத்தைத் தொடும். வலக்கால் செல்லும்போது இடப்பக்கத்தைத் தொடும். அதாவது அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்னதாகவே பார்த்துவிடுகிறது. இம்முறையை 1944-இல் அமெரிக்காவில் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ரிச்சர்டு ஹூவர் வகுத்தார். ஆண்டுதோறும் அக்டோபர் 15 வெள்ளைக் கோல் நாளாகப் போற்றப்படுகிறது.

சமையல்: கடுகு வெடிக்கும் ஓசையும், வெங்காயம் வதங்கும் மணமும், அப்பளம் பொரியும் சத்தம் அடங்குவதும் பக்குவம் சொல்லும். யோசித்துப் பார்த்தால் நம் அம்மாமார்களும் பாதிச் சமையலைக் காதாலும் மூக்காலும்தான் செய்கிறார்கள்.

இவற்றோடு, பெண் குழந்தைகளுக்கு மிக முக்கியமாக, தகாத முறையில் யார் தொட்டாலும் உரக்க மறுக்கவும், நம்பிக்கையானவரிடம் சொல்லவும் துணிவு தரப்படுகிறது. தானே குளித்து, தானே உடுத்தத் தெரிந்த பெண்ணே தன்னைக் காத்துக்கொள்ளவும் வல்லவள்.

சென்னை தந்த சான்று

"இவ்வளவு படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்போர்க்கு ஒரு சான்று சொல்லலாம். பெனோ செபின் சென்னையைச் சேர்ந்தவர், முழுமையாகப் பார்வையற்றவர். லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளியிலும் பின்னர் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் படித்தார். தாயார் நாள்தோறும் நாளிதழ்களையும் நூல்களையும் படித்துக் காட்டுவார். கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளையும் அவர் பயன்படுத்தினார். ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகப் பணிபுரிந்துகொண்டே குடிமைப் பணித் தேர்வு எழுதி, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை.

கவனியுங்கள், தோழியரே! தாயார் மகளுக்குப் படித்துக் காட்டினார். ஆனால் தேர்வை எழுதியவர் மகள். உதவிக்கு எல்லை எது என்பதை இதைவிட நன்றாக எவரும் விளக்க முடியாது.

நாம் செய்யத்தக்கவை

1. முதலில் கேட்போம். சாலையில் பார்வையற்றவரைக் கண்டதும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. "உதவி வேண்டுமா?" என்று கேட்ட பிறகு, நம் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளும்படி கை நீட்ட வேண்டும். அவர் அரை அடி பின்னால் வந்தால், படி ஏறுவதும் இறங்குவதும் நம் உடல் அசைவாலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

2. நம் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவோம். விடைபெறும்போதும் சொல்லிவிட்டுச் செல்வோம். இல்லாவிடில் அவர் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருக்க நேரும்.

3. "அங்கே", "இதோ" என்னாமல், "உன் வலக்கைப் பக்கம்", "இரண்டு அடி முன்னால்" என்று சொல்லுவோம். வீட்டில் பொருள்களை இடம் மாற்றினால் தெரிவிப்போம். கதவைப் பாதி திறந்து வைக்காதிருப்போம்.

4. பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருவோம். தேர்வில் எழுதித் தரும் வாய்ப்பு வந்தால், நம் விடையை அன்று, அவர் விடையையே எழுதுவோம்.

5. பெற்றோர்களே, குழந்தை ஒளியை நோக்கித் திரும்பவில்லை என்றாலோ, கண்மணியில் வெண்மை தெரிந்தாலோ, நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைக் கண்புரையை விரைவில் அறுவை செய்தால் பார்வையைக் காக்கலாம். முருங்கைக்கீரையும் பப்பாளியும் வைட்டமின் 'ஏ' சொட்டு மருந்தும் மாலைக்கண்ணைத் தடுக்கும்.

முடிவுரை

எரிக்கோ நகரின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயுவின் கதையை நாம் மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் கூவியபோது ஊரார் அதட்டி அடக்கினர். இயேசுபிரானோ அவரை அழைத்தார். அவர் தம் மேலுடையை எறிந்துவிட்டுத் தாமே எழுந்து வந்தார். அவருக்குக் கண் தெரியாது என்பது இயேசுவுக்குத் தெரியாதா? ஆயினும், தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லும்படி முதலில் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் நான் என் சின்னத் தோழியிடம் கேட்க மறந்திருந்தேன்.

எங்கள் பள்ளிச் சகோதரி ஒருவர் அவள் வீட்டுக்கு மூன்று முறை வந்து பேசினார். "பொட்டப் புள்ளைய ஊர் விட்டு ஊர் அனுப்பறதா?" என்று ஆயா மறுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை, அதுவரை பேசாதிருந்த தாத்தா வாய் திறந்தார். அவர் பட்டு நெய்பவர். பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பவர். "மயிரிழை மாதிரி பட்டு. கண்ணுக்கா தெரியுது? இந்த வெரல நம்பித்தான் நாப்பது வருசம் பொழச்சேன். அவ வெரலயும் நம்புவோம்" என்றார். ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுப்புச் சொல்லவில்லை.

சென்ற ஜூன் மாதம் அவள் சென்னையில் விடுதியுடன் கூடிய பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்தவளைக் காணச் சென்றேன். என் குரல் கேட்டதும் உள்ளே சென்று, சுவரைத் தடவியபடி ஒரு குவளையுடன் வந்தாள். விரலை விளிம்பில் வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் தண்ணீர் ஊற்றி, "குடி அக்கா" என்று நீட்டினாள். ஆயா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரு கைகளும் தாமாக முன்னே நீண்டன; பிறகு அவரே அவற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஆயா பின்னுக்கு இழுத்துக்கொண்ட அந்தக் கைகளைத்தான் நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். தானே செய்ய விடுவதும் அன்புதான். அதைக் கற்றுக்கொள்ள நமக்கும் பயிற்சி வேண்டும். இறைவன் அதற்கு அருள் புரிவாராக!